முறைப்பாட்டின் பின்னர் பிள்ளையின் நிலை என்ன?

சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய செய்தியொன்று வெளியாகும்போது வாசகர் மனத்தில் எழும் முதற்கேள்வி, சந்தேகநபர் கைதுசெய்யப்பட்டாரா என்பதாகும். கைது இடம்பெற்று அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார் என்று அறிந்ததும் சமூகம் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றது. ஆனால், பாதிக்கப்பட்ட பிள்ளை அன்றிரவு எங்கே உறங்கியது, மறுநாள் பாடசாலைக்குச் சென்றதா, அதே கதையை எத்தனை பேரிடம் சொல்ல நேர்ந்தது, சந்தேகநபர் பிணையில் வெளிவந்தபோது அதன் வீட்டாருக்கு யாராவது தகவல் கூறினார்களா என்ற கேள்விகளை எழுப்புவோர் மிகச் சிலரே. சிறுவர் பாதுகாப்பின் வெற்றியும் தோல்வியும் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியுள்ளன. அந்த விடையைத் தரவேண்டியவர்கள் பொலிஸார் மட்டுமல்லர். நன்னடத்தை, சமூக சேவை உத்தியோகத்தர்கள் மட்டுமுமல்லர். இவ்விரு தரப்பினரும் இணைந்தே அதனைத் தர முடியும்.

இந்த இணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு பிரதேசத்தை எடுத்துக்கொண்டு நோக்குவது பயனுடையது. யாழ்ப்பாண மாவட்டத்தின் சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவு அதற்கு ஏற்றதோர் உதாரணமாகும்.

சண்டிலிப்பாயின் அமைப்பு

வலிகாமம் தென்மேற்கு எனவும் அறியப்படும் இப்பிரதேச செயலகப் பிரிவு 28 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைக் கொண்டது. ஆனைக்கோட்டை, நவாலி, மானிப்பாய், சுதுமலை, சண்டிலிப்பாய் எனத் தொடங்கி பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் வரை இது நீள்கின்றது. தோட்டச் செய்கையை நம்பிய ஊர்களும் கடற்றொழிலை நம்பிய கரையோரக் கிராமங்களும் இதனுள் அடங்கும். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தின் மீது நிகழ்ந்த குண்டுவீச்சு உட்பட யுத்தத்தின் கொடூரங்களை நேரில் அனுபவித்த மண் இது. இடம்பெயர்வு, குடும்பத் தலைவரின் இழப்பு, உறவினரின் புலம்பெயர்வு ஆகியவை பல குடும்பங்களின் கட்டமைப்பையே மாற்றியமைத்துள்ளன. தாத்தா பாட்டியிடமோ தூரத்து உறவினரிடமோ வளரும் பிள்ளைகள் இங்கு அபூர்வமானவர்கள் அல்லர்.

பிரதேச செயலகம் ஒன்றாக இருந்தாலும் பொலிஸ் எல்லை ஒன்றாக இல்லை. தெற்கிலுள்ள ஊர்கள் மானிப்பாய்ப் பொலிஸ் நிலையத்தையும், வடக்கே மாதகல் போன்ற ஊர்கள் இளவாலைப் பொலிஸ் நிலையத்தையும் நாடுகின்றன. வழக்குகள் மல்லாகத்திலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள நீதவான் நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் பிள்ளையை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கின்றது. ஒரே பிள்ளைக்காக இத்தனை வாசல்கள் இருக்கும்போது, அவற்றை ஒன்றோடொன்று தொடுப்பவர் யார் என்பதே நமது கேள்வி.

யார் எதற்குப் பொறுப்பு?

பொலிஸாரின் கடமை குற்றத்தைப் புலனாய்வு செய்வதாகும். முறைப்பாட்டைப் பதிவது, வாக்குமூலம் பெறுவது, சான்றுகளைச் சேகரிப்பது, சந்தேகநபரைக் கைதுசெய்து நீதிமன்றில் முற்படுத்துவது ஆகியவை அவர்களைச் சார்ந்தவை. இதற்கென பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவுகள் இயங்குகின்றன. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சிறுவர்க்குக் கொடுமை இழைத்தலைத் தனிக் குற்றமாக்கி, அதற்கு 2 முதல் 10 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையை விதித்தது. பாலியல் குற்றங்களுக்கான தண்டனைகளையும் அது கடுமையாக்கியது.

நன்னடத்தை உத்தியோகத்தரின் கடமை வேறானது. குற்றம் நிரூபிக்கப்படுகின்றதோ இல்லையோ, பிள்ளையின் நலன் பேணப்படுகின்றதா என்று பார்ப்பதே அவரது பணி. வீட்டுச் சூழலை ஆராய்ந்து நீதிமன்றுக்கு அறிக்கை சமர்ப்பிப்பதும், பிள்ளை உறவினரிடம் இருக்கலாமா, இல்லத்தில் சேர்க்கப்பட வேண்டுமா என ஆலோசனை கூறுவதும், பின்னர் தொடர்ந்து கண்காணிப்பதும் அவரையே சாரும். சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றின் முன் கொண்டுவரும் அதிகாரத்தை அது பொலிஸாருக்கு மட்டுமன்றி நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் வழங்கியிருக்கின்றது. இவ்விருவரும் ஒரே பிள்ளைக்காக ஒரே நீதவான் முன் நிற்கவேண்டியவர்கள் என்பதை அன்றைய சட்டமே உணர்ந்திருந்தது.

பிரதேச செயலகத்தில் மேலும் பலர் உள்ளனர். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் எனப் பதவிகள் நீள்கின்றன. கிராமத்தில் கிராம உத்தியோகத்தரும் குடும்பநல உத்தியோகத்தரும் இருக்கின்றனர். பாடசாலையில் அதிபரும் ஆசிரியரும் உள்ளனர். கிராம மட்டத்திலும் பிரதேச மட்டத்திலும் சிறுவர் அபிவிருத்திக் குழுக்களை அமைப்பதற்கான ஏற்பாடும் உண்டு.

ஆளணிப் பற்றாக்குறை இல்லை என்பதல்ல இதன் பொருள். ஆயினும் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது. இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்பவர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவை மாகாண சபைக்குரிய விடயமாயிற்று. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் திணைக்களத்தைச் சார்ந்தவர். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தனியான நிறுவனம். பொலிஸார் தமது சொந்தக் கட்டளை ஒழுங்கின் கீழ் இயங்குபவர்கள். மேலே நான்கு கிளைகளாகப் பிரியும் அதிகாரம் கீழே ஒரு பிள்ளையின் தலைமேல் வந்து சேரும்போது, ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என எண்ணி விடுவது எளிது.

சங்கிலி அறும் இடங்கள்

முதலாவது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. ஆசிரியரிடம் சொன்னதை அதிபரிடமும், பின்னர் பிரதேச செயலகத்திலும், பொலிஸ் நிலையத்திலும், வைத்தியரிடமும், நன்னடத்தை உத்தியோகத்தரிடமும், இறுதியில் நீதிமன்றிலும் பிள்ளை சொல்லவேண்டியிருக்கின்றது. ஒவ்வொரு முறையும் காயம் கிளறப்படுகின்றது. அத்துடன், சிறு பிள்ளை பல தடவை கூறும் விவரங்களில் ஏற்படும் இயல்பான வேறுபாடுகளை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முரண்பாடு எனச் சுட்டிக்காட்டவும் இடமுண்டாகின்றது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சான்றாக முன்வைக்க வழி திறந்தது. அச்சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தலைநகரை அண்டிய பிள்ளைக்குக் கிடைக்கும் அவ்வசதி மாதகலிலுள்ள பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது சலுகையன்று, உரிமை.

இரண்டாவது, மொழி. வடக்கின் பொலிஸ் நிலையங்களில் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே பெருமளவில் கடமையாற்றுகின்றனர். சமூக சேவை உத்தியோகத்தர்களோ தமிழில் பணியாற்றுபவர்கள். பிள்ளை தயங்கித் தயங்கி உச்சரிக்கும் சொற்களின் நுண்பொருள் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோனால் அந்த இழப்பு வழக்கையே பாதிக்கும். தமிழில் வாக்குமூலம் பதியக்கூடிய பெண் உத்தியோகத்தர் ஒருவர் எந்த வேளையிலும் கிடைப்பதை உறுதிசெய்வது நிருவாக விடயமாகத் தோன்றலாம். உண்மையில் அது நீதி பற்றிய விடயமாகும்.

மூன்றாவது, பிள்ளையை அகற்றும் பழக்கம். துஷ்பிரயோகம் வீட்டுக்குள் நிகழும்போது சந்தேகநபர் சில வாரங்களிலோ மாதங்களிலோ பிணையில் வீடு திரும்பலாம். அதனால் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு எனக் கருதப்படுகின்றது. விளைவு என்ன? குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் வீட்டில் இருக்க, எத்தவறும் செய்யாத பிள்ளை தாயையும் சகோதரரையும் பாடசாலையையும் தோழரையும் இழந்து இல்லத்தில் வாழ்கின்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள, பிள்ளைப்பருவமே அங்கு கழிந்துவிடுகின்றது. தான் வாய் திறந்ததற்குக் கிடைத்த தண்டனை இதுவென அப்பிள்ளை எண்ணினால் அதைக் குறை கூற முடியுமா? அதனைப் பார்த்திருக்கும் மற்றொரு பிள்ளை வாய் திறக்குமா?

இதற்கு மாற்று வழி சட்டத்திலேயே இருக்கின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், துன்புறுத்தியவர் அவ்வீட்டினுள் நுழைவதைத் தடைசெய்யும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் பிறப்பிக்க முடியும். பிள்ளையின் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினால் எழுத்து மூலம் அதிகாரமளிக்கப்பட்ட ஒருவரோ விண்ணப்பிக்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை பின்பற்றப்படுகின்றதா எனக் கண்காணிக்கும் பொறுப்பை நன்னடத்தை உத்தியோகத்தர் போன்றோரிடம் நீதிமன்று ஒப்படைக்கவும் ஏற்பாடு உண்டு. பொலிஸாரும் சமூக சேவையாளரும் கைகோப்பதற்கென்றே வரையப்பட்டதுபோல் அமைந்த சட்டம் இது. பிள்ளையை அகற்றுவதற்கு முன்னர் துன்புறுத்துபவரை அகற்ற முடியுமா என்று கேட்பதை ஒவ்வொரு வழக்கிலும் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.

நான்காவது, நம்பிக்கையின்மை. யுத்த காலத்தின் அனுபவங்களால் பொலிஸ் நிலையத்தின் படியேறத் தயங்கும் மனநிலை இன்னமும் மக்களிடம் உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவியொருவர் கடத்திக் கொலைசெய்யப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதியே தாக்குதலுக்குள்ளானது. 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி மூவர் கொண்ட விசேட நீதிமன்று எழுவருக்கு மரணதண்டனை விதித்துத் தீர்ப்பளித்தது. 2018 ஜூன் மாதத்தில் சண்டிலிப்பாய்க்கு அயலிலுள்ள சுழிபுரத்தில் ஆறு வயதுச் சிறுமியொருத்தி கொல்லப்பட்டபோதும் ஊர் திரண்டெழுந்தது. கொடூரம் அம்பலமான பின் வீதியில் இறங்கும் சமூகம், அதற்கு முன்னர் கேட்கும் சிறு முனகல்களைப் பொலிஸாரிடம் கொண்டுசெல்லத் தயங்குகின்றது. அத்தயக்கத்தைக் கடக்க உதவக்கூடியவர், மக்களுக்கு அறிமுகமான சமூக சேவை உத்தியோகத்தரே. அவர் வழிகாட்ட, அவர் உடனிருக்க முறைப்பாடு செய்யும் குடும்பம் அச்சமின்றிப் பேசும்.

பிற நாடுகள் கற்ற பாடம்

எம்மவர் பெருந்தொகையாக வாழும் இங்கிலாந்து இப்பாடத்தை ஒரு சிறுமியின் உயிரைக் கொடுத்தே கற்றது. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ற்றிலிருந்து உறவுக்காரப் பெண்ணால் அழைத்துவரப்பட்ட விக்ரோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தொடர்ச்சியான சித்திரவதையின் பின்னர் 2000 பெப்ரவரியில் லண்டனில் உயிரிழந்தாள். அவளைச் சமூக சேவைத் திணைக்களங்களும் பொலிஸாரின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகளும் இரு வைத்தியசாலைகளும் அறிந்திருந்தன. 2003 ஜனவரியில் வெளியான லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதை எடுத்துக்காட்டி 108 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றின் வழியே வந்த 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், உள்ளூராட்சி, பொலிஸ், சுகாதாரத் துறைகள் ஒத்துழைப்பதைச் சட்டக் கடமையாக்கியது. ஆயினும் 2007இல் அதே லண்டன் நகரப் பகுதியில் மற்றொரு குழந்தை அதேபோன்று உயிரிழந்தது. சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது, அது அன்றாடப் பழக்கமாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1985இல் தொடங்கிய முறையொன்றை முன்மாதிரியாகக் கொண்டு, ஐஸ்லாந்து 1998இல் ‘சிறுவர் வீடு’ என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றுக்கோ பிள்ளை அழைக்கப்படுவதில்லை. வீடு போன்ற அமைதியான இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் பேச, பொலிஸாரும் சட்டத்தரணிகளும் சமூக சேவையாளரும் மற்றோர் அறையிலிருந்து அதனைப் பார்க்கின்றனர். வாக்குமூலம் பதிவுசெய்யப்படுகின்றது. வைத்தியப் பரிசோதனையும் உளவள ஆலோசனையும் அங்கேயே கிடைக்கின்றன. சுவீடன், நோர்வே, டென்மார்க் ஆகியனவும் இதனைப் பின்பற்றின. அயலிலுள்ள இந்தியாவில், 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவரைப் பாதுகாக்கும் சட்டம், பொலிஸார் தமக்குக் கிடைத்த தகவலை 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நலக் குழுவுக்கு அறிவிக்க வேண்டுமென விதிக்கின்றது. பிள்ளைக்குத் துணையாக ஒருவரை வழக்கு முடியும்வரை நியமிக்கவும் அங்கு ஏற்பாடுள்ளது.

செய்யக்கூடியவை

இவற்றை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய வேண்டும் என்பதல்ல. பெருஞ் செலவின்றிப் பிரதேச மட்டத்திலேயே செய்யக்கூடியவை பல உள்ளன. முறைப்பாடு கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பொலிஸ் நிலையம் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்து மூலம் அறிவிப்பதையும், அதேபோன்று செயலகத்துக்கு வரும் முறைப்பாடு பொலிஸாருக்கு உடனே செல்வதையும் கட்டாய நடைமுறையாக்கலாம். மானிப்பாய், இளவாலை ஆகிய இரு பொலிஸ் நிலையங்களின் சிறுவர், பெண்கள் பிரிவினரும் சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலக உத்தியோகத்தரும் சுகாதார, கல்வித் துறையினரும் மாதமொருமுறை ஒரே மேசையில் அமர்ந்து, நடப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் இரகசியம் பேணி மீளாய்வு செய்யலாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஓர் உத்தியோகத்தர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். பிணை வழங்கப்பட்ட செய்தியை அன்றே குடும்பத்துக்குத் தெரிவிப்பதும், தவணைத் தினத்தில் பிள்ளையுடன் நீதிமன்று செல்வதும், பாடசாலை தடைப்படாமல் பார்ப்பதும் அவரது பொறுப்பாகும். எல்லோரும் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பல்லர் என்ற நிலை அப்போதுதான் நீங்கும். இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளையின் நிலையைக் குறித்த கால இடைவெளியில் மீளாய்வு செய்து, பாதுகாப்பான உறவினரிடம் திருப்பி ஒப்படைக்கும் வழியையும் தொடர்ந்து தேட வேண்டும்.

இவ்விணைப்பில் ஓர் எல்லைக்கோடும் அவசியம். நல்லெண்ணத்தின் பெயரால் சமூக சேவை உத்தியோகத்தர் குற்றத்தைச் சமரசமாக முடித்துவைக்கக் கூடாது. அதேபோன்று, வறுமையால் பாடசாலை செல்லாத பிள்ளையையோ ஊதாரித் தந்தையின் பிள்ளையையோ பொலிஸார் குற்றவாளி போல் நடத்தக் கூடாது. 2018இல் குற்றப் பொறுப்புக்கான வயது 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டதன் உட்பொருளும் இதுவே. தவறிழைத்த பிள்ளைக்கும் தண்டனைக்கு முன் தேவைப்படுவது வழிகாட்டலாகும்.

சமூகத்தின் பங்கு

உத்தியோகத்தர் எவ்வளவு ஒன்றிணைந்தாலும் தகவல் கொடுக்க வேண்டியது சமூகமேயாகும். கோவில் பரிபாலன சபைகளும் பங்குத் தந்தையரும், 1990இல் வெளியேற்றப்பட்டு மீண்டும் யாழ்ப்பாணத்தில் குடியேறியுள்ள முஸ்லிம் மக்களின் பள்ளிவாசல் நிருவாகங்களும் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. குடும்ப மானத்தின் பெயரால் விடயத்தை மூடிமறைப்பதும், துன்புறுத்தியவருக்கே பெண்ணை மணமுடித்துக் கொடுத்துத் தீர்வு காண்பதும், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பணத்தைக் கொடுத்து விடயத்தை முடிப்பதும் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி எமது சமூகங்களில் நிகழ்ந்துள்ளன. மானம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் காக்கப்பட வேண்டியது பிள்ளையின் மானமேயன்றி, அதனைச் சிதைத்தவரின் மானமல்ல.

சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரமும் மும்மொழிகளிலும் இயங்கும் 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் அறிவிக்கலாம். குற்றம் நடந்ததை நிரூபித்த பின்னரே அறிவிக்க வேண்டும் என்பதில்லை. நிரூபிப்பது பொலிஸாரின் வேலை. ஊடகங்களுக்கும் கடமையுண்டு. பாலியல் குற்றத்துக்குள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை 1995ஆம் ஆண்டின் திருத்தமே குற்றமாக்கியுள்ளது. பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பாடசாலையையும் தந்தையின் தொழிலையும் எழுதுவது மறைத்ததாகாது.

இலங்கை 1991 ஜூலையில் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை, துஷ்பிரயோகத்தை இனங்காணல், அறிவித்தல், உரியவரிடம் ஆற்றுப்படுத்தல், விசாரித்தல், சிகிச்சையளித்தல், தொடர்ந்து கவனித்தல் என்பவற்றை ஒரே தொடராகவே குறிப்பிடுகின்றது. அத்தொடரின் ஒரு கண்ணி பொலிஸாரிடமும் அடுத்த கண்ணி சமூக சேவையாளரிடமும் இருக்கின்றது. இரண்டையும் கோக்க வேண்டிய இடம் கொழும்பிலோ ஜெனீவாவிலோ இல்லை. பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் இடையிலுள்ள சில மைல் தூரத்திலேயே இருக்கின்றது. அத்தூரத்தை உத்தியோகத்தர் கடப்பார்களாயின், அதனைத் தனியே கடக்கும் சுமை பிள்ளையின் தோள்மீது விழாது.